முழங்காலுக்குப் பின்னால் ஒரு முட்டை

என் ஆசை மச்சான் மாசிலாமணிக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன்னிடம் நான் பேசியதே இல்லை. உன் தங்கை கன்னியம்மா நேற்று முழுக்க என்னோடு வாய் திறக்கவில்லை. அதனால்தான் உன்னைப் பிடித்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

யுத்தம் முடிந்துவிட்டது. ஆவடியில் நீ கூடை கூடையாய் முட்டை விற்ற பட்டாளத்துக் கூடாரங்களைப் பிரிக்கிறார்கள். நீ சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துச் சுற்றிய எங்கள் மகள் பவுனு வளர்ந்துவிட்டாள். உன் முழங்காலுக்குப் பின்னால் கல் மாதிரி ஒரு கட்டி இருந்ததே, அது அவளுக்கும் வந்திருக்கிறது. அதே இடது கால்.

"கூடையில கொள்ளாத முட்டைய இங்க வெச்சிகினு போறேன் மாப்ளே" என்று அதைத் தட்டிக் காட்டுவாயே! பவுனுக்கு அது தட்டுப்பட்டதும் கன்னியம்மா தெருவெல்லாம் வெல்லம் கொடுத்தாள். "எங்க அண்ணாத்தே எங்கியும் பூடல, இதோ கீறாரு" என்றாள். மாமன் அச்சு என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு பவுனுக்கு நடந்தால் கெண்டைக்கால் வலித்தது. முந்தாநாள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடித்தார்கள். "எலும்பு முளைச்சிருக்கு. கெட்ட வளர்ச்சி இல்லை" என்றார் டாக்டர். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள், "ஆனால் எடுத்துடணும். கூர்முனை ரத்தக்குழாயை உரசுது. குழாய் ஓட்டையானா ரத்தம் கசிஞ்சு கட்டியா நிற்கும், துடிக்கும்" என்றார்.

துடிக்கும் என்றதும் எனக்கு உன் கால்தான் ஞாபகம் வந்தது. உனக்கும் துடித்ததே! "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பழுத்துகீது மாப்ளே, கீறி உட்டா சரியாப்பூடும்" என்று நீயேதான் சொன்னாய். துடித்தால் பழுத்துவிட்டது என்பதுதானே நம் எல்லோருக்கும் தெரிந்தது? பற்றுப் போட்டார்கள், கீறினார்கள். சீழ் வரவில்லை. ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை.

கெடுதல் இல்லாத எலும்பு எப்படி மச்சான் ஆளைக் கொல்லும்? எலும்புக்கும் சீழுக்கும் ரத்தத்துக்கும் கட்டி என்று ஒரே பெயர் வைத்தோமே, அதுவா கொன்றது? நாள் முழுக்க நீ மிதித்த சைக்கிளா?

கன்னியம்மாவிடம் சொன்னேன். "எங்க அண்ணாத்தே கீறித்தானே செத்தாரு? எம்பொண்ணு மேல கத்தி வெக்க உடமாட்டேன்" என்றாள். அவள் சொல்வதும் சரி. டாக்டர் சொல்வதும் சரி. நான் யார் பக்கம் நிற்பது?

இன்று காலை பவுனு தூங்கும்போது கன்னியம்மா என் கையை இழுத்துப் பிள்ளையின் முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள். "துடிக்குதா பாரு" என்றாள். ஏதோ துடித்தது. பிள்ளையின் காலா, பயத்தில் என் விரலா, தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

"இட்டுகினு போ" என்றாள் கடைசியில். "ஆனா வெட்டுறத குப்பையில போடாம என் கையில குடுக்கச் சொல்லு."

அதை வாங்கிவந்து உன் கால்மாட்டில் புதைப்பேன் மச்சான், சத்தியம். உன் முட்டையை நீ வாங்கிக்கொள். எங்கள் பிள்ளையை எங்களிடம் விட்டுவிடு.

நீ வாய் நிறையக் கூப்பிட்ட மாப்ளே,
உன் தங்கை புருஷன் ஏழுமலை