பூசை முடியும்வரை மருந்து வேண்டாம்

மே 22, வியாழன், பெம்பான்

பூரணியின் காதுக்குள் உண்ணி. வாலடியிலும் மடிக்கு மேலேயும் கொத்துக் கொத்தாக. பிடுங்கிப் பிடுங்கி விரல் வலிக்கிறது. செம்பனைக் காட்டில் மேய்கிற மாட்டுக்கு வேறென்ன வரும்?

வீட்டுக்காரர் மருந்து டப்பாவை எடுத்தே விட்டார். நான்தான் தடுத்தேன். அடுத்த புதன் பாயா ரும்புட்டில் தெரிந்தவள் நளினியின் புது வீட்டுப் பூசை. வீட்டுக்குள் பூரணிதான் முதல் அடி எடுத்து வைக்கிறாள். அவள் பாலைத்தான் பொங்கவிடுவார்கள். மருந்து போட்ட மாட்டுப் பாலையா சாமிக்கு வைப்பது?

“பூசை முடியட்டும்” என்றேன்.

“உன் மாடு, உன் இஷ்டம்லா” என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

மே 26, திங்கள்

பால் பாதிதான். கன்றுக்கே போதவில்லை. தீனியில் வாய் வைக்கவில்லை. உடம்பு சுடுகிறது. வெயிலாக இருக்கும். இந்த வெயில் மனுசனையே கொல்லுதே!

மே 28, புதன்

எழுதக் கை வரவில்லை.

குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கூட்டிப் போனேன். லோரியிலிருந்து இறங்கும்போதே தள்ளாடினாள். களைப்பு என்று நினைத்தேன். வாசல் தாண்டி ஹாலுக்குள் போனாள். எல்லாரும் கும்பிட்டார்கள். பசு உள்ளே கோமியம் விட்டால் வீட்டுக்கு நல்லது என்று காத்திருப்பார்களே — விட்டாள். வெள்ளை டைல்ஸ் முழுக்கப் பால் ஊற்றாத கோப்பி ஓ மாதிரி. ஓரமெல்லாம் சிவப்பு.

“ஐயோ, ரத்தம்! என் வீட்டுல ரத்தம்! என்ன மாட்டைக் கொண்டாந்தீங்கக்கா?” நளினி கத்தினாள்.

அவளுக்கு அவள் வீடு. எனக்குப் பூரணி கண் செருகி நிற்பது மட்டும்தான் தெரிந்தது. மாலையோடு வெளியே இழுத்து வந்தேன்.

மே 29, வியாழன்

மாட்டு டாக்டர் திவ்யதர்ஷினி வந்தார். பூரணியின் கண் இமையை விலக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

“ரத்தத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி பூந்திருக்கும்னு நினைக்கிறேன் ஆன்ட்டி. ரத்தத்தை உடைச்சுடும், அதான் மூத்திரம் இப்படி. உண்ணி கொண்டுவந்திருக்கலாம். டெஸ்ட் வந்தாத்தான் உறுதி. அதுவரைக்கும் காத்திருக்க முடியாது.”

ரத்தம் எடுத்துக்கொண்டு ஊசி போட்டார். “உண்ணி மருந்து கடைசியா எப்பப் போட்டீங்க?”

நான் பூரணியின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தேன். வீட்டுக்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மே 30, வெள்ளி

பூரணி போய்விட்டாள்.

ஜூன் 5, வியாழன்

டெஸ்ட் வந்துவிட்டது. கிருமிதான். குட்டி வயசில் இது அவ்வளவாகத் தாக்காதாம், ஆனாலும் கன்றின் மேல் உண்ணி ஏறவிடாதீர்கள் என்றார் டாக்டர். கன்று பால்புட்டியைத் தள்ளிவிட்டு அம்மாவின் முளைக்குச்சியிடமே போய் நிற்கிறது. பாவி நான். ஒரு தடவை தெளித்திருந்தால்?

மத்தியானம் நளினி போன். ஐயர் பரிகாரம் சொன்னாராம், வேறு மாடு வேண்டுமாம்.

“பூரணி செத்துப்போச்சு நளினி.”

“ஐயையோ! அப்ப எங்க வீட்டுக்கு என்னக்கா ஆகும்?”

சீ! வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புக்கிட் ரம்பாயிலிருந்து யாரோ பரமேஸ்வரன் கூப்பிட்டார். ஆவணியில் வீட்டுப் பூசை, பசுவும் கன்றும் வேண்டுமாம். பசு இல்லை, கன்றுதான் என்றேன். அதுவே போதும் என்றார்.

“உண்ணி மருந்து போடுறேன். வாசம் அடிக்கும்.”

“பூசை வரைக்கும் போடாம இருக்க முடியாதாக்கா?”

“முடியாது.”

வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். பார்க்கட்டும்.

சாயங்காலம் கன்றின் காதை மடக்கிப் பார்த்தேன். ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிடத் திரும்பினேன். அவர் ஏற்கெனவே டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார்.