நரிக்கு வைத்த மீன்

மச்சாள்,

இன்று காலை மகன் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் பையைப் பிரித்தான். அந்த நெடி குசினி அடுப்படிவரை வந்ததும், நீ மடியில் செத்த பருந்தோடு மணலில் இருந்த கோலம் கண்முன்னே வந்து நின்றுவிட்டது. பனிச்சங்கேணியில் மறுபடி நரித்தொல்லை. நேற்று எங்கள் ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய்விட்டது. நரியைக் கொல்ல மீனுக்குள் மருந்து வைக்கப்போகிறானாம்.

அன்று இவனுடைய அப்பா, உன் அண்ணன், இதே வேலையைத்தானே செய்தார்! என் தாரா வாத்துகளை நரி தின்கிறதென்று நான் புலம்ப, "பொழுதுபட வைக்கிறது, வெள்ளாப்பில பொறுக்கிறது. காகம் முழிக்க முன்னம் வேலை முடிஞ்சிரும்" என்று பெரிய சட்டம் பேசினார். நாயைக் கட்டினோம், கோழியை அடைத்தோம், அயலுக்கும் சொன்னோம். உன் பருந்துகளை ஒருத்தரும் நினைக்கவில்லை.

நீ ஆற்றங்கரையில் கருவாட்டுக்கு மீன் வெட்டுவாய். குடலை மேலே வீசி, "இந்தா ராசா, பிடி" என்பாய். செம்பருந்து அதை நிலத்தில் விழவிடாது. "உனக்குப் புருசனே தேவையில்ல, இது போதும்" என்று நான் பகிடி பண்ணினால், "ஓம்கா, கறியில உப்பில்ல எண்டு இது சொல்லாது" என்பாய். வெட்டின மீன் கிடந்தால் அது தங்களுக்குத்தான் என்று அந்தப் பருந்துகள் நன்றாகப் பழகியிருந்தன.

உன் அண்ணன் சொன்னபடியே விடிய முன்னர் போய்ப் பொறுக்கினார். ஆனால் ஒரு துண்டை நரி கவ்வி இழுத்துவந்து, தின்னாமல் நீ மீன் வெட்டும் இடத்தருகே போட்டிருக்கிறது. அது அவர் கண்ணில் படவில்லை. பருந்தின் கண்ணில் பட்டது.

மணலில் துடித்துக் கிடந்த அதன் சொண்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தாய். ஒன்றும் நடக்கவில்லை. செத்த பறவையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "அந்த மீன்ல நரிக்கெண்டு பேர் எழுதியா வச்ச நீங்க?" என்று கத்தினாய். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத நீ! அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து மீன்குடலை வீசாமல் குழிதோண்டிப் புதைத்தாய். மற்றப் பருந்துகள் உன் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றின. நீ நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பாவம்கா, ஒரு துண்டு போடன்" என்றேன்.

"என்ட கைய நம்பி வந்த சீவன்கா. இனி இதுகள் மனிசரை நம்பப்படாது" என்று சொல்லி அழுதாய். கன்னத்தில் மீன்செதில் ஒட்டியிருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன்.

நீ கண்ணை மூடிப் போனபிறகு எல்லாரும் உன் சிரிப்பைச் சொல்லித்தான் மாய்கிறார்கள். எனக்குள் கிடப்பது உன் கோபம், மச்சாள். இன்று மகனின் கையிலிருந்து பையைப் பறித்தேன். "நாயக் கட்டுவாய், கோழிய அடைப்பாய். மேல பறக்கிறதுகள எந்தக் கூட்டுக்குள்ள அடைக்கப்போறாய்?" என்று கத்தினேன். அவன் திகைத்துப் போனான். ஓட்டமாவடிக்குப் போய் ஆட்டுப்பட்டிக்குக் கம்பிவலை வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தான்.

வேலிப் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்து, "மாமி அண்டைக்குக் கத்தின மாதிரியே இருக்கம்மா" என்று உன்னைச் சொன்னான்.

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.