கை தூக்கச் சொன்னபோது

ஜமுனாமரத்தூர்
மாசி 3

சிரஞ்சீவி வடிவேலுவுக்கு அம்மா ரஞ்சிதம், உன் தங்கை செந்தாமரை கையால் எழுதுவது. வால்பாறைக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்லி அப்பா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். சரி என்று சொல்லிவிட்டு ஆட்டுப்பட்டிக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறோம். அப்பா கடுக்காய் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி நடக்கமாட்டார் என்று போளூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உனக்குத் தந்தி கொடுக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இந்த வருஷம் கடுக்காய்க் குத்தகை கைமாறி, ஜப்பார் பாய் இருந்த இடத்துக்குச் சிங்காரம் மேஸ்திரியாக வந்தார். ஜப்பார் பாய் காலையில் மரமேறிகளை ஒவ்வொருவராகத் தள்ளி அழைத்துப்போய் பீடி கொடுத்துப் பேசுவாரே, நினைவிருக்கிறதா. அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்ட நாளில், "இன்னா ராஜாக்கண்ணு, பீடி புடிக்கிற கையே நடுங்குது, மரத்த எங்க புடிக்கப் போற, போய் சாக்கு தையி" என்று அனுப்பிவிடுவார். மற்றவர்களுக்குக் காரணம் தெரியாது. சிங்காரமும் கெட்டவர் இல்லை, அப்பா விழுந்த அன்றைக்கு அவரும் கேட்டார். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "ஒடம்பு முடியாதவன் யாருனா இருந்தா கைய தூக்குங்கப்பா" என்றாராம். "தூக்கினா பொடவ குடுப்பீங்களா மேஸ்திரி" என்று, முடியாதவன் பொம்பளை என்கிற மாதிரி எவனோ கேலி பண்ண எல்லோரும் சிரித்தார்களாம். காய்ச்சலோடு நின்ற உன் அப்பாவும் சிரித்துவிட்டு மரம் ஏறியிருக்கிறார்.

நீ எஸ்டேட்டில் மேஸ்திரியானதையும், விசில் ஊதினால் நாற்பது பேரும் வரிசையில் நிற்பதையும் எழுதியிருந்தாய். அப்பாவுக்குச் சந்தோஷம், எனக்குப் பயம். வரிசையில் நிற்கிறவன் எதையும் சொல்லமாட்டான் கண்ணு. ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டுக் கேள், முகத்தைப் பார், கையைப் பார். இங்கேயும் பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், இவரும் நன்றாக இருக்கிறேன் என்கிறார். நான் திரும்பியதும் கஞ்சியை நாய்க்கு ஊற்றிவிடுகிறார். லீவு கேட்டுக்கொண்டு வா. வந்ததும் எங்களை வெளியே அனுப்பிவிட்டு நீ மட்டும் பக்கத்தில் உட்கார், ஒரு பீடி பற்றவைத்துக் கொடு.

காளியம்மா உன்னைக் காப்பாள். பதில் போட்டால் இதையெல்லாம் எழுதாதே, அவர் முன்னால்தான் படிக்க வேண்டியிருக்கும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா ரஞ்சிதம், கைநாட்டு

அண்ணா, இது நான், செந்தாமரை. அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் தனியாகக் கேட்டேன். சொன்னார். அம்மாவுக்குத் தெரியாது. அவர் கைக்கு எட்டும் இடத்திலிருந்த அரிவாளைக் கொண்டுவந்து ஆட்டுப்பட்டிக் கூரையில் செருகிவிட்டேன். சீக்கிரம் வா.