சரிவில் நின்ற பெரியவர்

ஜனவரி 22

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் வீட்டுக்காரியும் குட்டியும் சௌக்கியம் என்பதைப் போனிலேயே கேட்டுக்கொண்டேன். பிறகெதற்குக் கடிதம் என்று நீ முழிப்பது தெரிகிறது. போனில் நான் "பெரியவர்" என்று வாயெடுத்தாலே போதும், உனக்கு எங்கேயாவது ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிடுகிறது, உடனே ஓடிவிடுகிறாய். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஓட முடியாது பார்.

விஷயம் இதுதான். போன வாரம் உன் அத்தான் பழைய இரும்பு வாங்குகிறவரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆப்பிள் வரையக் கற்றுக்கொடுத்து அலுத்துவிட்டதாம். இனி வண்டி நிற்கிற கொட்டகையைக் காலி செய்து, அங்கே உட்கார்ந்து கடல் வரையப் போகிறாராம். இரும்புக்காரர் நம் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், பானெட்டைத் தட்டினார். "துண்டு போட்டுத்தான் எடுக்கணும்" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வண்டியின் பின்தொட்டியில் கிடந்த சாக்குகளைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் போகும்வரை இறங்கவில்லை. உன் அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா வாங்கி வந்த அன்றைக்கே கிழடாயிருந்த வண்டி அது. மரியாதையாகப் பெரியவர் என்று பேர் வைத்தாரே, அந்த மரியாதைக்காவது துண்டு போடாமல் இருக்கலாம். வாடகை நாற்காலிகளை ஊரெல்லாம் சுமந்து நம் இருவரையும் படிக்கவைத்த வண்டி.

அதனால் பெரியவரை நானே சரிசெய்து ஓடவைக்கப் போகிறேன். சிரிக்காதே. நாள் முழுக்கப் பல் செட் செய்து, ராவி, மெருகு போடுகிற கைக்கு ஒரு கார்புரேட்டர் என்ன பெரிய காரியமா? அடுத்த தெரு வெல்டர் அடித்தட்டை மட்டும் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். யார் ஓட்டுவார்கள் என்று மட்டும் இப்போது கேட்காதே.

குட்டிக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபப்படாமல் படி. அந்த வண்டியை இரும்புக்காரரிடமே கொடுத்துவிடு. அத்தானுக்குக் கொட்டகை கிடைக்கும், கடல் வரையட்டும்.

நீ எப்படி அதன் பக்கத்தில் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான்தான் ஓட்டி வந்து வீட்டுச் சரிவில் நிறுத்திவிட்டு, நாற்காலிக் கயிறு அவிழ்ந்திருக்கிறதென்று பின்னால் போனேன். கீழே நீ கேட்டைத் திறந்துகொண்டிருந்தாய். வண்டி உருண்டு போய் உன் இடது காலைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. நீ ஒரு செருப்பு உயரமாகவும் ஒரு செருப்பு தாழ்வாகவும் போட்டு நடக்கிறாய். அதற்குப் பிறகு நான் இன்றுவரை எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. குட்டியைப் பள்ளியில் விடுவதுகூட அவள் அம்மாதான். லிஃப்ட் கம்பெனியில் எனக்குப் பிரேக்கையும், லிஃப்டைத் தாங்குகிற கம்பி ரோப்பையும் சோதிப்பதுதான் வேலை. ஒரு தடவை பார்த்ததை மூன்று தடவை பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை 'இன்னொருவாட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார், "ஹேண்ட்பிரேக்க முழுசா இழுக்கலியாடா?" என்று. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. தினமும் கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் காரியத்துக்கு வந்தபோதும் கொட்டகைப் பக்கம் நான் திரும்பவில்லை, நீ பார்த்திருப்பாய். அது இருக்கிற வீட்டுக்கு என்னால் வந்து தங்க முடியவில்லை. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 3

என் செல்ல 'இன்னொருவாட்டி'க்கு,

பேர் நன்றாகத்தான் இருக்கிறது, வைத்துக்கொள்.

நீ எழுதியதையெல்லாம் படித்தேன். பதிலைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் பெரியவர் சமாச்சாரம். கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கழற்றி, பல் அச்சு தேய்க்கிற பிரஷ்ஷாலேயே சுத்தம் செய்தேன். சீட்டைப் பிரித்தால் ஸ்பிரிங்குக்கு நடுவில் என் காது ஜிமிக்கி ஒன்று கிடந்தது. தொலைத்ததற்கு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் அப்படியே என் செருப்பில் வந்து விழுந்தது, அதையும் வெல்டர் அடைத்துவிட்டார். போன ஞாயிறு புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினேன். பெரியவர் இருமினார், தும்மினார், ஒரு கரும்புகை விட்டார், பிறகு ஓடினார். கொடியில் காய்ந்த உன் அத்தானின் வெள்ளைச் சட்டை நாசம். அவர் அதைக்கூடக் கவனிக்காமல் கைதட்டிக்கொண்டு நின்றார். மனுஷர் மாறிவிட்டார், இப்போது என்னை விட அவர்தான் கொட்டகையில் கிடக்கிறார்.

இனி நீ கேட்காமல் விட்ட விஷயம். அடித்தட்டை வெட்டுவதற்கு முன் ஹேண்ட்பிரேக்கைக் கழற்றச் சொன்னார் வெல்டர். லீவர் மேலே தூக்கியே இருந்தது. பாதியில் இல்லை, லீவரைப் பிடித்து நிறுத்துகிற பல்வரிசையில் கடைசிப் பல்லில் மாட்டியிருந்தது. பல் எண்ணுவதில் நான் தப்புச் செய்யமாட்டேன், அதுதானே என் பிழைப்பு. சரி என்று கேபிளைப் பிடித்து இழுத்தேன். பாதிதான் கையோடு வந்தது. மீதி உறைக்குள்ளேயே கிடந்தது. பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். உள்ளுக்குள் அறுந்திருக்கிறது.

நீ முழுசாகத்தான் இழுத்திருக்கிறாய், சுண்டு.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் மனசு எனக்குத் தெரியும். அப்பாவின் ரேடியோவை நான் போட்டு உடைத்தபோது உன் கைதான் பட்டதென்று சொன்னவள் நீ. என் பரீட்சை மார்க்கைக் காட்டாமல் ஒளித்து, அம்மாவிடம் திட்டு வாங்கியவளும் நீதான். எனக்காகப் பொய் சொல்வதென்றால் உனக்குக் கண்ணே இமைக்காது. இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கத் தோன்றுகிறது. லீவர் மேலே இருந்தால் என்ன, அன்றோடு ஓட்டாமல் கொட்டகையில் விட்டபிறகு அப்பா இழுத்து வைத்திருக்கலாம். கேபிளும் இத்தனை வருஷத்தில் சும்மா கிடந்தே இற்றுப்போயிருக்கலாம்.

தயவுசெய்து இதை விட்டுவிடு. நம்பிவிட்டுப் பிறகு இல்லையென்று தெரிந்தால் என்னால் தாங்க முடியாது.

தம்பி


மார்ச் 27

தம்பி,

பொய் சொல்வேன்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் இந்தத் தடவை நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பார்சலில் கேபிள் இருக்கிறது, இரண்டு பாதியும், உறையோடு. நான் துடைக்கக்கூட இல்லை. ரோப் பார்க்கிற வேலைதானே உனக்கு, நீயே பார்.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன், கோபத்தில்தான் எழுதுகிறேன். என் கால் போனதற்கு நான் ஒரு நாளும் உன்மேல் வருத்தப்பட்டதில்லை. நான் நடக்கிறேன், வேலை செய்கிறேன், கல்யாணம் கட்டினேன், தெருவில் வம்புக்கு வருகிறவர்களுக்குப் பதிலும் கொடுக்கிறேன். காலோடு சேர்ந்து தம்பியும் போய்விட்டான் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எப்போது வந்தாலும் விருந்தாளி மாதிரி செருப்பை வாசலிலேயே போகிற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு உட்காருகிறாய்.

பார்த்துவிட்டு எழுது. எழுதாவிட்டாலும் சரி, பார்.

அக்கா


ஏப்ரல் 18

என் அக்காவுக்கு,

பார்சலைப் பிரிக்காமல் அலமாரியின்மேல் வைத்திருந்தேன். வீட்டுக்காரிதான் பிரித்து, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "அக்கா அனுப்புனதப் பாக்கவாவது செய்ங்க" என்றாள். மறுநாள் வேலைக்குக் கொண்டுபோனேன். மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் நல்ல வெளிச்சம் உண்டு. ரோப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உறையில் ஒரு கீறல் இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே பெரும்பாலான இழைகள் எப்போதோ இற்றுவிட்டன. அவற்றின் முனை பொடிப்பொடியாக இருக்கிறது. ஆனால் நாலைந்து இழைகள் அப்படி இல்லை. அவை நுனி மெலிந்து, நீண்டு அறுந்திருக்கின்றன. சும்மா கிடந்து இற்ற இழை அப்படி ஆகாது அக்கா. பாரத்தைத் தாங்கி, கொஞ்ச நேரம் பிடித்து நின்று, பிறகு முடியாமல் விட்ட இழைதான் அப்படி ஆகும். கொட்டகைத் தரை சமம், அங்கே வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது. இந்தப் பாரம் சரிவில்தான் வந்திருக்கும், அதுவும் பிரேக்கை இழுத்திருந்தால்தான் வந்திருக்கும். வேறு யாருடைய ரோப்பாவது இப்படி வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். என்னுடையது என்பதால் இன்னொருவாட்டி பார்த்தேன், அதற்குப் பிறகும் ஒருவாட்டி பார்த்தேன்.

நான் முழுசாகத்தான் இழுத்தேன், அக்கா. பிரேக்கை இழுத்தபோது வந்த அந்தக் கடகட சத்தம் எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது. அப்பா கேட்டபிறகு அதை நானே நம்பவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேலே வந்த உதவியாளர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். இல்லையப்பா, நல்ல செய்தி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மூச்சு இத்தனை லேசாக வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்பாவுக்கு இது தெரியாமலே போய்விட்டதே என்பது மட்டும்தான் வருத்தம். அவர்மேலும் தப்பில்லை, வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். உன்னால் அதை அழுத்த முடியாது. அத்தானுக்கு சைக்கிளே தகராறு. அப்படியானால் நீ பெரியவரை யாருக்காகச் சரிசெய்தாய்?

புதுக் கேபிளை வெல்டர் மாட்ட விடாதே. நான் வருகிறேன்.

உன் சுண்டு


ஏப்ரல் 26

அன்புச் சுண்டுவுக்கு,

யாருக்காகவா? மண்டையில் இப்போதாவது உறைத்ததே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தானிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா கடைசிக் காலத்தில் உனக்குப் போன் செய்ய உட்காருவார், நம்பரைப் பாதி சுற்றிவிட்டு வைத்துவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். உன்னிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

எல்லாரும் வாருங்கள். மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். நீ வரும்வரை பெரியவரின் சக்கரத்துக்கு முன்னால் கட்டை கொடுத்திருக்கிறேன், ஆகவே அவசரப்பட்டு அலறிக்கொண்டு வர வேண்டாம்.

உன் அக்கா


ஜூன் 2

அன்பு அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். குட்டி வந்ததிலிருந்து வீட்டுக்குள் பெரியவரின் ஹாரன் மாதிரியே கத்திக்கொண்டு திரிகிறாள். ஆடு கத்துவது போலிருக்கிறது என்று கீழ்வீட்டில் புகார். அத்தான் கடல் வரைய வாங்கிய நீலத்தையெல்லாம் பெரியவர்மேலேயே பூசிவிட்டாரே, அந்தப் போட்டோவை வேலையிடத்தில் ஒட்டியிருக்கிறேன். இரும்புக்காரர் வந்து பார்த்தால் நம்பமாட்டார்.

நேரில் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன். பாயை விரித்து வண்டிக்கடியில் படுத்துக் கேபிளை மாட்டியபோது, நீ பல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நட்டை இன்னும் திருகு என்று அதட்டிக்கொண்டிருந்தாய். பிறகு முதல் கியரில் தெருவைச் சுற்றினோம். இஞ்சினை நான் மூன்று தடவை அணைத்ததை வீட்டுக்காரி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் பார், அப்பாவோடு போகும்போது உட்காருவாயே, அதே மாதிரி. அது எனக்குப் போதும்.

திரும்பி வந்து வீட்டுச் சரிவில் நிறுத்தச் சொன்னாய். கியரில் போட்டு நிறுத்தப் போனேன். "கியர் வேணாம், பிரேக்க மட்டும் போடு" என்றாய். போட்டேன், கடைசிப் பல் வரை. நீ இறங்கி, உன் உயரச் செருப்பும் தாழ்ந்த செருப்புமாக நடந்து போய், பெரியவருக்கு நேர் முன்னால், அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றாய். நான் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினேன். அத்தானும் கத்தினார். நீ பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டாய்.

கீழே விழுந்த தோலைப் பொறுக்கிப் பையில் போட்டாய். ஒவ்வொரு சுளையாகப் பிரித்து, நாரை எடுத்து, கொட்டையைத் துப்பி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போலத் தின்றாய். பெரியவர் ஒரு அங்குலமும் நகரவில்லை. நீ கையைப் புடவையில் துடைத்தபிறகுதான் நான் ஸ்டியரிங்கை விட்டேன். உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன, ஆனால் பயம் எப்போது போனதென்று தெரியவில்லை. பாதிப் பழத்திலேயே போயிருக்க வேண்டும்.

இப்போது குட்டியை நான்தான் பள்ளியில் விடுகிறேன். வருகிற விடுமுறைக்கு அங்கேதான் வருகிறோம், பெரியவரில் ஏறி எங்கேயாவது தூரமாகப் போவோம்.

உன்மேல் எனக்கு இனி ஒரே ஒரு மனக்குறைதான். எனக்கென்று ஒரு சுளைகூட மிச்சம் வைக்கவில்லை.

உன் தம்பி,
சுண்டு