கண்ணாடி துடைக்கும் கை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை உன் கையைப் பார்த்தேன், நகமெல்லாம் வெட்டி, வேளைக்குச் சாப்பிடுகிறவன் கை மாதிரிதான் இருந்தது.

முழிக்காதே. காட்டுக்குள் நீ மரத்தில் கட்டி வைத்திருக்கிற நேரலைக் கேமராவை உன் அக்கா எங்கள் டிவியில் வரவழைத்துக் கொடுத்துவிட்டாள், அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு எதுவும் ஓடுவதில்லை. அந்தப் பன்றிக் குடும்பம் நம் மாடிவீட்டுக்காரர்களேதான், கூட்டமாக வந்து இடத்தைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி தினமும் வந்து உட்கார்ந்து, அந்தக் கொம்பு மான் நல்ல புருஷன் இல்லக்கா, பார்வையே சரியில்ல என்று தீர்ப்புச் சொல்கிறாள். நரி ஒருநாள் முயலை நெருங்கியது, இந்தப் பக்கம் வந்தே காலை உடைப்பேன் என்று கத்திவிட்டேன், வாசலில் நின்ற கேஸ்காரர் சிலிண்டரை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

உன் அப்பா பார்க்காத மாதிரிப் படுத்திருப்பார், ஆனால் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த வாய் சும்மா இருக்குமா. மானுக்கு மூஞ்சியில வெளிச்சமே இல்ல, பாதிப் படத்துக்கு இலை, எவன் வச்ச கேமரா இது என்பார். எவன் வைத்தது என்று அவருக்குத் தெரியும். ஸ்டுடியோவை விட்டுவிட்டுக் காட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, இனிமே உன் மூஞ்சியை என்கிட்ட காட்டாதே என்றவர்தானே. நீயும் அவருக்குப் பிறந்த பிள்ளை, சொன்ன சொல் தவறாமல், செவ்வாய்க்கிழமைதோறும் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறாய்.

துடைக்குமுன் ஊதுகிறாய் பார், படம் முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. முதல் தடவை டிவி கெட்டுவிட்டது என்று அதன் தலையில் தட்டப் போனேன். அப்பாதான், தொடாதே, அது அவன் மூச்சு என்றார். அவரும் லென்ஸை அப்படித்தான் துடைப்பார், ஊதி, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே. அதிலிருந்து செவ்வாய்க்கிழமை என்றால் காலையிலேயே சவரம் செய்துவிடச் சொல்கிறார். மான் பார்க்க எதற்குச் சவரம் என்று நான் கேட்கவில்லை, வெந்நீர் வைத்துச் செய்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததையே உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார். இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போதும் என்னிடம் எரிந்து விழுகிற டாக்டர், வீட்டுலயே வச்சு நல்லா பாத்துக்கங்கம்மா என்று மெதுவாகச் சொன்னார், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பாடு இறங்குவதில்லை. பார்வையும் மங்கிக்கொண்டு வருகிறது, புதர் எது பன்றி எது என்று என்னைக் கேட்கிறார். போனில் சொல்லலாம் என்றால் அவர் அதே அறையில் இருக்கிறார், நீயும் ம் என்பதற்கு மேல் பேசமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், அக்கா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

கிளம்பி வா, கண்ணு. ஆனால் லீவு வாங்கி, வண்டி மாறி மாறி நீ வந்து சேர்கிறவரை அவர் இருப்பாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் கிளம்புமுன் ஒன்று செய். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வா. நன்றாகக் கிட்டே வந்து நில், தள்ளி நின்றால் மான் என்று நினைத்துக்கொள்வார். சிரிக்க வேண்டாம். முகவாயைக் கொஞ்சம் இறக்கி, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நில், இல்லாவிட்டால் அதற்கும் குறை சொல்வார். சொன்னாலும் சொல்லட்டும், அவர் குறை சொல்லிக் கேட்டு நாளாகிறது. அவர் போதும் என்கிறவரை நிற்கவேண்டும், அது உனக்குக் கேட்காது, ஆகவே கொஞ்சம் அதிகமாகவே நில்.

நீ நூறு வயசு நன்றாக இரு, உன்னைச் சுற்றியிருக்கிற அந்த ஜீவன்களும், நரி உட்பட, நன்றாக இருக்கட்டும். சட்டைக் கையில் பட்டன் அறுந்து தொங்குகிறது, மறக்காமல் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நில்.

டிவியை அணைக்காமல் வைத்திருக்கும்,
உன் அம்மா