இரண்டாவது கார்டு

இன்று மதுரையில் ஒரு கடையில் நின்று, விற்பனையாளர் கையில் கொடுத்த கேமராவைக் காதோரம் வைத்து ஷட்டரை அமுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன்பு இதே கடையில் உன்னையும் இப்படித்தான் பார்த்தார்கள்.

அன்று நான் வெறும் துணைக்கு வந்தவன். ஆனாலும் விற்பனையாளர் எல்லாவற்றையும் என்னிடமே விளக்கினார். உன் பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பினார். "பாப்பாவுக்கு வெயிட் இல்லாம ஒண்ணு காட்டவா?"

"பாப்பாவுக்கு வேணாம்ணே. கல்யாண வீட்ல கால் கடுக்க நிக்கிறவளுக்குக் காட்டுங்க" என்றாய்.

உன் பிழைப்பு கல்யாண வீடுகளின் பெண்கள் பக்கம். ஆண் புகைப்படக்காரர்கள் நுழையக் கூடாத அறைகளில் நீதான் படம் எடுப்பாய். அந்தப் படங்கள் வெளியே போகாது என்பதற்கு உன்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. விருந்து முடிந்ததும் கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவி மணப்பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிடுவாய். நகல் வைத்துக்கொள்ள மாட்டாய். அதனால்தான் அடுத்த வீட்டிலும் உன்னைக் கூப்பிட்டார்கள்.

விடிந்தும் விடியாமலும் உனக்கு வேறு வேலை. பறவைகளைப் படமெடுப்பது. அதில் வருமானம் இல்லை. பொட்டப்பிள்ளைக்குக் கழிமுகத்தில் என்ன வேலை என்ற பேச்சுதான் மிச்சம். இணையத்தில் கேமரா பற்றிப் பேசுகிறவர்கள் கல்யாணத்துக்கு ஒரு கேமரா பாடி, பறவைக்கு ஒரு பாடி வாங்கச் சொன்னார்கள். வசதி உள்ளவன் வசதி உள்ளவனுக்குச் சொல்லும் யோசனை அது. உன்னால் ஒன்றுதான் வாங்க முடியும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்று சோறு போகும், இல்லையென்றால் பறவை போகும்.

நீ மெகாபிக்சலைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒவ்வொரு கேமராவாக எடுத்துக் காதோரம் வைத்தாய். "துஆ ஓதுறப்ப இது கேக்கக் கூடாது. பூநாரைக்கும் கேக்கக் கூடாது. ரெண்டு எடத்துக்கும் ஒரே பாடி போதும்ணே."

இரண்டு கார்டு போடும் வசதி வேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றாய். அவர் தலையாட்டினார். "ஆமாமா, ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணுல இருக்கும்."

"அதுக்கில்ல. ஒண்ணு குடுத்துட்டு வாரதுக்கு. இன்னொண்ணு எனக்கு, பறவைக்கு மட்டும்."

திரும்பி வரும்போது பரமக்குடி வரை அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை நீ.

அந்தக் கேமராவோடு உன்னை நான் வியந்து பார்த்த காலை ஒன்று உண்டு. அரிச்சல்முனைக்குப் போகிற சாலையோரம் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. காரில் வந்த நான்கு பேர் பெரிய லென்ஸ்களை நிறுத்திவைத்து, பறவைகள் பறக்கட்டும் என்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். நான் சண்டைக்குக் கிளம்பினேன். நீ என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனாய்.

"அண்ணே, ஒங்க கேமரா ஒரு செகண்டுக்கு எத்தன படம் எடுக்கும்?"

"முப்பதுமா" என்றார் ஒருவர், பெருமையாக.

"அம்புட்டு வேகமா எடுக்கிறது, அதுவா பறக்கிற வரைக்கும் பொறுக்காதா?"

"நீ யாருமா கேக்கிறதுக்கு?"

"கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவ. பொண்ணு அழுற படம் வேணும்னு நான் கிள்ளிவிடுறதில்ல."

ஹாரன் நின்றது. பறவைகள் தாமாக எழும்ப வெகுநேரம் ஆயிற்று. அதுவரை கேமராவை என்னிடம் கொடுத்திருந்தாய். "ஏலே, அமுக்கிக்கிட்டே இருக்காத, பாரு" என்றாய். பார்த்தேன். பிறகுதான் எடுத்தேன். அன்றிலிருந்து அந்த இரண்டாவது கார்டு நம் இருவருக்கும் பொது.

கேமரா வாங்கி வந்த அதே சாலையில்தான் ஆம்புலன்ஸ் உன்னைக் கொண்டுபோனது. ஊர் ஆஸ்பத்திரியில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் உயிரின் மதிப்பு மதுரை எத்தனை தூரம் என்பதுதான். நீ பாதி வழியைத் தாண்டவில்லை. இதை நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் கேமரா இப்போது உன் தங்கையிடம். பெண்கள் பக்கத்துக்கு இன்னும் ஆள் வேண்டுமே. உன் மாதிரியே கார்டை உருவிக் கொடுத்துவிட்டு வருகிறாள். இரண்டாவது கார்டை மட்டும் என்னிடம் தந்தாள். அக்கா உன்னை அவள் இன்னும் லாத்தா என்றே சொல்கிறாள். "லாத்தா இருந்தா ஒங்கள்ட்டதான் குடுத்திருக்கும்."

ஆகவேதான் இன்று எனக்கென்று ஒரு பாடி வாங்க வந்தேன். விற்பனையாளர் வேகமான ஒன்றை எடுத்துக் காட்டினார். "பறவைக்கு இதான் சார். அது றெக்கைய விரிக்கிறதுக்குள்ள எடுத்துரும்." எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதன் ஷட்டரைக் காதோரம் வைத்துக் கேட்டேன். பிறகு அதைவிட மெதுவான, சத்தமில்லாத, இரண்டு கார்டு போடுகிற பழைய மாடலைக் கேட்டு வாங்கினேன்.

புதுக் கார்டு ஒன்றை அவர் போட்டுக் கொடுத்தார். உன் கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து இரண்டாவது இடத்தில் செருகினேன்.

"பழைய கார்டா சார்? எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிரவா?"

"வேணாம்ணே. அதுல இன்னும் எடம் இருக்கு."