கண்ணடித்தது யாருக்கு

1974 மார்ச் 3, ஞாயிறு

வாயு நிரப்பிய அந்தப் பெரிய வானக்கப்பல் நம் ஊரில் வந்து இறங்கி, ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதே, அந்தக் கோடை முடிந்த சமயம். பங்குச் சந்தை இன்னும் விழவில்லை. 1929 என்கிறாள் பக்கத்து வீட்டு ஹேசல். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, மறதியும் வராது.

அப்போது எடுத்த பாட்டுப்படம் ஒன்றைச் சனிக்கிழமை பழைய தியேட்டரில் போடுகிறார்களாம். ஹேசல் பேப்பரில் பார்த்துச் சொன்னாள். காபி ஆறிப்போனது.

மார்ச் 4

தேனிலவுக் கப்பலில் புருஷன் ஒருத்தியிடம் வழிவான், பெண்டாட்டி இன்னொருத்தனைப் பார்த்துச் சிரிப்பாள், கடைசியில் பாடிக்கொண்டே சேர்ந்துவிடுவார்கள். அந்த வருஷம் வந்த படமெல்லாம் இதே கதைதான். கப்பலுக்குப் பதில் ஓட்டல் வரும்.

நான் படப்பிடிப்புத் தளத்தில் தச்சன். பேசும்படம் புதிது. கேமரா போடும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று, கேமராவையும் கேமராக்காரனையும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் போட்டுச் சாத்திவிடுவோம். முன்பக்கம் தடித்த கண்ணாடி. இடது பெட்டியில் கிளமென்ட். அதன் பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால், முதுகால் கதவை முட்டுக்கொடுத்து நிற்பது என் வேலை. வலது பக்கம் வாத்தியக்காரர்கள். டிரம்ஸ் அடித்தவன் ஓட்டோ, என் சிநேகிதன்.

இறகுத் துடைப்பத்தோடு ஆடும் பணிப்பெண்கள் வரிசையில் இர்மா. பாட்டின் நடுவில் கண்ணடித்தாள். என்னைப் பார்த்து.

மார்ச் 5

அன்றைக்கு வெக்கையில் கிளமென்ட் பெட்டிக்குள் மயங்கிவிட்டான். ஐஸ் தண்ணீர் ஊற்றி எழுப்பினோம். அந்தப் பெட்டிகளில் அது சகஜம்.

சாயங்காலம் ஓட்டோ சொன்னான்: "பாத்தியாடா விர்ஜில்? எனக்குக் கண்ணடிச்சா." எனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பூ வாங்கப் போய்விட்டான். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக மோதிரத்தை வைத்திருந்தவன் நான்.

ஓட்டோ இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. படத்தில் அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்பது தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்யப்போகிறேன்? ஹேசலும் இதையேதான் கேட்டாள்.

மார்ச் 6

இர்மாவுக்குப் போன் செய்தேன். "வர்றேன். ஆனா என் கால் அழகைப் பத்திப் பக்கத்துல உக்காந்து பேசக்கூடாது" என்றாள்.

மார்ச் 9, சனி

இடது பெட்டி! சந்தேகமே இல்லை. நேராக என் பக்கம்.

மார்ச் 10

நேற்று அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை.

படம் முடிந்து ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்ததும் கேட்டேன். "எனக்குத்தானே?"

"உனக்குத்தான். பெட்டிக்குள்ள கிளமென்ட் மூச்சு முட்டிக் கையை ஆட்டிட்டு இருந்தான். நீ கதவுல சாஞ்சு பல்லைக் காட்டிட்டு நிக்கறே. வாயைத் திறந்தா மைக்ல விழும். கதவைத் திறடா மடையான்னு கண்ணைக் காட்டினேன்."

நாற்பத்தைந்து வருஷமாக இதை வைத்துக்கொண்டா தூங்கினேன்? ஹேசல் பேனாவைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். இதையும் எழுது, ஹேசல்.

மார்ச் 12

திரையில் இரண்டு தடவை கண்ணடித்தாள். கடைசி வரியில், துடைப்பத்துக்கு மேலாக, இன்னொரு தரம். என் ஞாபகத்தில் ஒன்றுதானே இருக்கிறது? எனக்கா மறதி?

மார்ச் 13

மழை. போன் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று முதல் எழுதுவது இர்மா. ஹேசலுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்; இவள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறதாம்.

இரண்டாவது யாருக்கு என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

"கிளமென்ட் அதுக்குள்ள கண்ணாடிக்குக் கீழ போயிட்டான். உக்காந்துட்டான்னு நெனச்சேன். அந்தப் பக்கம் அப்ப வேற யாரு இருந்தா? நீ தலையைக் குனிஞ்சு உன் பூட்ஸையே பாத்துட்டு நின்னே. காது ரெண்டும் சிவந்திருந்துச்சு. ஓட்டோ தலையைக் குனியல. நேரா வந்து கேட்டான்."

இதை எழுதும்போது இவள் தலை நிமிரவில்லை. காது சிவந்திருக்கிறது. அதையும் எழுதச் சொன்னேன், எழுத மாட்டாளாம். பிறகு எழுதினாள்.

அன்று அந்தத் தளத்தில் இருந்தவர்களில் இன்று கிளமென்ட் இல்லை, ஓட்டோ இல்லை, பாடியவர்கள் இல்லை, ஆடிய மற்றப் பெண்களும் இல்லை. என்னை விட்டால் மிச்சம் இருப்பது இர்மா.